முடிந்தது என்று எழுதிய சுவர்

ரோஸ்கிளிப் தோட்டத்து மேல் டிவிஷன் சபைக்குத் தயானியைப் பொருளாளராக்கியபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் விட்டுப்போகும் கைக்குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்கிற இடம் அது. எந்தக் குழந்தை எத்தனை தடவை பால் குடித்தது, எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதினொரு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதி வைக்கிறவள். முப்பத்தாறு வயது. புருஷன் கொழும்பில் லொறி ஓட்டுகிறான்; மாதம் ஒரு தடவை வருவான்.

சபை என்றால் இருபத்தாறு குடும்பம். சொந்தக் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆராதனை நடத்துவார்கள். பாஸ்டர் ஜெயகுமார் பதுளை டவுனில் போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்து ஒன்பது வருஷம். மனைவி, மூன்று பிள்ளைகள். விசுவாசிகள் கொடுக்கிற அரிசியிலும் மரக்கறியிலும்தான் குடும்பம் ஓடியது. யாருக்காவது உடம்புக்கு வருத்தம் என்றால் மழையிலும் நாலு மைல் நடந்து போய்விடுவார். அதைத் தோட்டத்தில் இந்துக்களும் சொல்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு பண்டாரவளையிலிருந்து ஓர் அறக்கட்டளை அவர்களைத் தேடி வந்தது. சின்னச் சபைகளின் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும், பணத்தை நேர்மையாகக் கையாளப் பழக்குவதும் அவர்கள் வேலை. உக்கிராணத்துவம் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். பாஸ்டருக்கு மாதாமாதம் உதவித்தொகை வரும். பதிலுக்குச் சபை ஒழுங்காகப் புத்தகம் எழுத வேண்டும், எந்தச் செலவுக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும், மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் சபைக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இரண்டு வருஷம் அப்படி நடந்தால் ஆலயம் கட்டவும் உதவுவார்கள்.

ஷெல்டன் என்பவர்தான் அங்கே இணைப்பாளர். மென்மையாகப் பேசுகிற, நரை விழுந்த மனிதர். பண்டாரவளையில் நடந்த பயிற்சிக்கு நாலு தடவை போய்வந்தாள் தயானி. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், குளிர், வாந்தி. ஆனாலும் போவதற்கு ஆசையாக இருந்தது. ஒரு கையெழுத்துக்கு அர்த்தம் ‘இதை நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்பதுதான் என்று ஷெல்டன் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அதுவரை அவள் கையெழுத்தை யாரும் அவ்வளவு பெரிதாகப் பேசியதில்லை.

இரண்டு வருஷமும் ஒரு குறை இல்லாமல் போனது. அறக்கட்டளை ஆலயம் கட்ட ஒத்துக்கொண்டது. மண் வெட்டிச் சமப்படுத்துவது, தாங்குசுவர், வடிகால் ஆகியவை சபையின் செலவு. கட்டடம் அவர்கள் செலவு. தோட்ட நிர்வாகம் அஞ்சாம் நம்பர் லயத்துக்கு மேலே எட்டுப் பேர்ச் நிலம் கொடுத்தது. தேயிலை செத்துப்போன சரிவு.

அஞ்சாம் நம்பர் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு காம்பரா, ஒவ்வொன்றும் ஒரு வீடு. ஆறிலும் இந்துக் குடும்பங்கள். கடைசிக் காம்பராவில் முருகையாவும் அவர் மனைவி நல்லம்மாவும் இருந்தார்கள். முருகையா நாற்பது வருஷம் தோட்டத்தில் கான் என்கிற மழைத்தண்ணீர் வாய்க்கால் வெட்டியவர். எந்த மலையில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இயந்திரம் வந்து மண்ணை வெட்டத் தொடங்கிய அன்று காம்பராவின் முன்னாலிருந்த இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தயானி அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

“புள்ள, அந்த எடத்துல தண்ணிக்கு ஒரு பாதை இருக்கு. வெயில் காலத்துல தெரியாது. அதை மறிச்சிட்டீங்கன்னா அது வேற பாதை தேடும்.”

வடிகால் வெட்டப் போவதாகச் சொன்னாள். சரி என்று தலையாட்டினார்.

கட்டியவர் கொத்தனார் பஸீல் பாஸ். பண்டாரவளைக்காரர். முப்பது வருஷமாக மலைநாட்டில் சுவர் எழுப்புகிறவர். அவர் கொடுத்த மதிப்பீட்டில் ஏழு வரி இருந்தது. ஏழாவது வரி: தாங்குசுவர், சுவருக்குப் பின்னால் கல் நிரப்புதல், தண்ணீர் வெளியேறக் குழாய்கள், மேலே வடிகால். இவை நாலும் சேர்ந்தால்தான் அது ஒரு சுவர் என்று அவர் சபைக் கமிட்டியில் விரலை மடக்கிச் சொல்லியிருந்தார்.

சபை தன் பங்குக்கு ஐந்து லட்சம் சேர்த்திருந்தது. சங்கிலியை அடகு வைத்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தி வளர்த்த பன்றியை விற்றுக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் கூரைத் தகட்டின் விலை ஏறி, கூரைக்கு அறக்கட்டளை கொடுத்திருந்த பணம் போதவில்லை. அதே வாரம், அறக்கட்டளைக்கு உதவி செய்கிற வெளிநாட்டவர்கள் ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு வருகிறார்கள், அதற்குள் பிரதிஷ்டை நடந்தால் நல்லது என்று செய்தி வந்தது. பாஸ்டர் சுவரை மட்டும் எழுப்பச் சொல்லிவிட்டு, மிச்ச வேலைக்கு வைத்திருந்த பணத்தைக் கூரைக்குத் திருப்பினார். தயானி கமிட்டியில் கேட்டாள். பிரதிஷ்டை முடிந்ததும் அடுத்த தவணை வரும், அதில் முதல் வேலை வடிகால்தான் என்றார். மற்ற நாலு பேரும் அவர் பக்கம் பார்த்தார்கள். அவளும் விட்டுவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் அறக்கட்டளையின் படிவம் வந்தது. ஏழு வரிக்கும் எதிரே ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்று இரண்டு கட்டம். குழந்தைகள் தூங்குகிற மத்தியான நேரத்தில் பாஸ்டர் அதைப் பிள்ளைக்காம்பராவுக்கு எடுத்து வந்தார். ஏழிலும் ‘முடிந்தது’ என்று கோடு போட்டிருந்தது. அவர் கையெழுத்தும் இருந்தது.

“ஏழாவது முடியலையே பாஸ்டர்.”

“சுவர் நிக்குது சிஸ்டர். நீங்களே பாத்தீங்க.”

“சுவர் நிக்குது. மத்த மூணும் இல்லை.”

அவர் தொட்டில்களுக்கு நடுவே ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். முடியவில்லை என்று எழுதினால் தவணை நிற்கும், தவணை நின்றால் பஸீல் பாஸுக்குக் கூலி கொடுக்க முடியாது, தன் உதவித்தொகையும் அதோடு சேர்ந்துதான் வருகிறது என்று மெதுவாகச் சொன்னார். மூத்த மகளின் ஸ்கூல் காசு மூன்று மாதமாகக் கட்டவில்லையாம். அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

“ஒரு மாசம்தான் சிஸ்டர். நவம்பருக்குள்ள செஞ்சிருவோம். நான் பொறுப்பு.”

தயானி கையெழுத்துப் போட்டாள். பேனா ஒரு தடவை எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டாள். ஒரு பிரதியைத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

பிரதிஷ்டை நன்றாக நடந்தது. வந்தவர்கள் மாலையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மலைநாட்டிலேயே முன்மாதிரியான சபை என்று ஷெல்டன் மைக்கில் சொன்னார். கீழே அஞ்சாம் நம்பர் லயத்துக்கும் சாப்பாடு போனது. நல்லம்மா பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பும்போது உள்ளே கொஞ்சம் கொய்யாப்பழம் போட்டு அனுப்பியிருந்தாள்.

அடுத்த தவணை வந்தது. பாஸ்டருக்கான உதவித்தொகையும் பஸீல் பாஸின் கூலியும் போக மிஞ்சியது ஒரு குழாய் வாங்கக்கூடப் போதவில்லை. நவம்பர் பிறந்தது.

முதல் வாரம் மூன்று நாள் மழை. பெரிய மழை இல்லை. நாலாம் நாள் காலை முருகையா பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“ஒண்ணு காட்டணும், வா புள்ள.”

அவர் காம்பராவில் அடுப்புக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரை வெடித்து, அந்த வெடிப்பில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பால் கலந்ததுபோல் மங்கலான தண்ணீர். நல்லம்மா ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தாள். நனைய நனையப் பிழிந்து வெளியே ஊற்றினாள். கூரையில் ஒழுக்கு இல்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. கதவும் இரண்டு நாளாகச் சரியாக மூடவில்லை என்று முருகையா இழுத்துக் காட்டினார். நிலை ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது.

இருவரும் சுவரடிக்குப் போனார்கள். பத்தடி உயரச் சுவர். தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. முருகையா தயானியை ஒரு முனைக்குக் கூட்டிப்போய்ச் சுவரோடு சுவராகக் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். நடுவில் சுவர் வெளியே தள்ளியிருந்தது, நிறைமாதக்காரி வயிறு மாதிரி.

“பின்னால தண்ணி நிக்குது. போக வழியில்ல அதுக்கு” என்றார்.

தயானி அன்றைக்கே பாஸ்டரிடம் போனாள். அவர் வந்து பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். புதுக் கட்டடம் கொஞ்சம் அமரத்தான் செய்யும் என்றார். அந்த ஞாயிறு சபையில் மழை குறைய ஜெபிக்கச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. தயானியால் கண்ணை மூட முடியவில்லை. புது ஆலய மண்டபத்தின் தரையில், பிரசங்க மேடையிலிருந்து ஜன்னல் வரை, தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடுவதை அன்றைக்குத்தான் பார்த்தாள். அடுத்த நாள் அதில் ஒரு தீக்குச்சியைச் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. புதன்கிழமை நுழைந்தது.

பஸீல் பாஸுக்குப் போன் பண்ணினாள். அவர் மறுநாள் பைக்கில் வந்தார். சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

“நான் பாஸ்டர்ட்ட அப்பவே சொன்னேன் தங்கச்சி. குழாய் வைக்காம எழுப்பினா இது சுவர் இல்ல, அணைக்கட்டுன்னு. அவர் அப்புறம் செய்யலாம்னார். அறக்கட்டளைக்குத் தெரியும்தானே?”

அவர் தயானியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். லயத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பண்டாரவளைக்குப் போனாள். வழியெல்லாம் பனிமூட்டம். பஸ் கண்டக்டர் கதவில் தொங்கியபடி டிரைவருக்கு வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தான். அறக்கட்டளையின் ஆபீஸ் சுவரில் அவர்கள் ஆலயத்தின் படம் பெரிதாக மாட்டியிருந்தது. படத்தில் ஒரு மூலையில் அஞ்சாம் நம்பர் லயத்தின் கூரை தெரிந்தது.

ஷெல்டன் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. கேட்டு முடித்ததும் கோப்பை எடுத்து அந்தப் படிவத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

“இது உங்க கையெழுத்துதானே சிஸ்டர்?”

“ஆமாங்க.”

“இதை வெச்சுத்தான் நான் மேல அறிக்கை அனுப்பினேன். போய்ச் சேந்திருச்சு.”

“அது பொய் பிரதர். நான் பாக்காததைப் பாத்ததா போட்டுட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுத்தில் கொடுக்கலாம், அது அவள் உரிமை என்றார். ஆனால் எழுத்து வந்துவிட்டால் விதிப்படிதான் போக வேண்டும்: சபைக்கு இரண்டு வருஷம் எந்த உதவியும் வராது, பாஸ்டரின் தொகையும் அதே நாளில் நிற்கும். எழுத்து இல்லாமல் விட்டால் எங்கேயாவது கேட்டு வடிகாலுக்குப் பணம் தேடிப்பார்க்கலாம், ஆனால் ஜனவரி ஆகும். பயமுறுத்துகிற குரல் இல்லை அது. இரண்டு வழியையும் அவள் முன்னால் வைத்துவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். சுவரை அவரும் ஒரு தடவை போய்ச் சுற்றிப் பார்த்திருக்கலாம். படம் எடுத்த அன்று அதற்கு மேலேதான் நின்றார்.

தயானி தாள் கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஷெல்டன் அதை வாசித்துவிட்டு, பொறியியலாளர் ஒருவரை அடுத்த வாரம் எப்படியும் அனுப்புவதாகச் சொன்னார். அதில் அவர் வார்த்தை மாறவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பியதும் தயானி நேராக அஞ்சாம் நம்பர் லயத்துக்குப் போனாள். ஆறு காம்பராவிலும் ஏறி இறங்கினாள். சுவர் விழப்போகிறது, பிள்ளைக்காம்பராவுக்கு வந்துவிடுங்கள் என்றாள். சிலர் நம்பவில்லை. உங்கள் கோயிலைக் கட்டிவிட்டு எங்களை ஏன் கிளப்புகிறீர்கள் என்று ஓர் இளைஞன் கேட்டான். முருகையா எழுந்து தன் பாயைச் சுருட்டினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கிளம்பினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறு குடும்பம், இருபத்திரண்டு பேர், தொட்டில்களுக்கு நடுவே வந்து சேர்ந்தார்கள்.

அன்றைக்குப் பிறகு மழை நின்றது.

பன்னிரண்டு நாள் ஒரு சொட்டு விழவில்லை. காலையில் மலை உச்சி வரை பளிச்சென்று தெரிந்தது. தேயிலையில் வெயில் அடித்தது. சுவர் அப்படியே நின்றது. பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் தயானியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். சபைக்குள் அது வேறு மாதிரி இருந்தது. பாஸ்டரின் உதவித்தொகை நின்றுவிட்ட செய்தி வந்திருந்தது. மூன்று பிள்ளைகளின் வயிற்றில் அடித்தவள் என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். பாஸ்டர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் கடந்து போனார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பொறியியலாளர் வந்தார். அரை நாள் அளந்தார். வடிகாலும் குழாயும் உடனே போட வேண்டும், அதுவரை மண்டபத்திலும் கீழ் லயத்திலும் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் கிராம உத்தியோகத்தர் லயத்துச் சுவரில் ஒட்டினார்.

அன்று பின்னேரம் பாஸ்டர் ஜெயகுமார் மண்வெட்டியோடு முருகையாவிடம் வந்தார். எங்கே வெட்ட வேண்டும் என்று கேட்டார். முருகையா ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்தார். மறுநாளிலிருந்து இருவரும், சபையிலிருந்து மூன்று பேரும் மண்டபத்துக்கு மேலே கான் வெட்டினார்கள். பாஸ்டரின் உள்ளங்கை இரண்டாம் நாளே உரிந்துபோனது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். அறுபது அடி வெட்ட வேண்டும். நாலு நாளில் இருபத்தெட்டு அடி முடிந்தது, அதற்கப்பால் பாறை.

இதற்கிடையில் தோட்டத்து ஆபீஸிலிருந்து தயானிக்கு ஆள் வந்தது. பிள்ளைக்காம்பராவில் ஆட்கள் தங்கியிருப்பதால் குழந்தைகளை விட இடமில்லை, பதினாலு தாய்மார் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்கு வருவதில்லை, திங்கட்கிழமைக்குள் காலி பண்ண வேண்டும் என்றார்கள். வேறு இடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார்கள். பிள்ளைக்காம்பராவில் அடுப்பு வைக்க இடமும் இல்லை, ஒரே கழிவறை. வெயில் அடிக்கிறது, சுவர் நிற்கிறது. ஞாயிறன்றே இரண்டு குடும்பம் சாமானைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியது. திங்களன்று இன்னும் மூன்று. முருகையா மட்டும் அசையவில்லை. பிள்ளைக்காம்பராவின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு தறப்பாளைக் கட்டி நல்லம்மாவோடு அங்கேயே இருந்தார். ஒட்டியிருந்த தாளை நம்பி அல்ல. தண்ணீரை அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மழை பிடித்தது. தயானி அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. சத்தத்தில் குழந்தைகள் அழுவது கேட்கவில்லை, வாய் திறந்திருப்பது மட்டும் தெரிந்தது. பத்து மணிக்கு எதிர்மலை மறைந்தது. பதினொரு மணிக்கு முற்றத்துக் கான் நிரம்பி வழிந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. வேலைக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முருகையாவும் பாஸ்டரும் கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடி, திரும்பிப் போயிருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாக வெளியே கூப்பிட்டார்கள். இந்த முறை யாரும் கேள்வி கேட்கவில்லை. கிழவர்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். பன்னிரண்டரைக்கு ஆறு காம்பராவும் காலி. தயானி வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். இருபத்தொன்று.

இன்னொரு தடவை எண்ணினாள்.

நல்லம்மா இல்லை. அவள் உள்ளே குழந்தைகளோடு இருப்பதாக முருகையா நினைத்திருந்தார். காலையில் மழை தொடங்கியதுமே போனாள் என்று தயானிக்குத் துணையாக வேலை செய்கிறவள் சொன்னாள். தறப்பாளுக்குக் கீழே விறகு நனைந்துவிட்டது, தன் அடுப்பில் கொஞ்சம் கஞ்சி வைத்துக்கொண்டு வருகிறேன் என்று போனாளாம். ஆட்களைக் கூப்பிடப் போனவர்கள் முருகையாவின் காம்பராவை எட்டிப் பார்க்கவில்லை. அது பன்னிரண்டு நாளாகப் பூட்டியிருந்த காம்பரா. பின்பக்கக் கதவால் அவள் போயிருந்தாள்.

முருகையா படியில் இறங்கினார். பாஸ்டர் அவரை முந்திக்கொண்டு ஓடினார். பீலிக்கரை வரைக்கும்தான் போனார்கள். சரிவில் நின்ற டர்பன்டைன் மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்வதைத்தான் தயானி முதலில் பார்த்தாள், காற்றே இல்லாமல். பிறகு மண்ணுக்குள் ஏதோ உருளுகிற மாதிரி ஒரு சத்தம். சுவர் நடுவில் பிளந்து, பின்னால் இருந்த மண் முழுவதும் ஒரே வீச்சில் வெளியே வந்தது. கடைசி இரண்டு காம்பராவின் மேல் அது ஏறி நின்றது. மண்டபத்தின் முன்பாதி அந்தரத்தில் தொங்கியது.

பாஸ்டர் கையால் தோண்டினார். பிடித்து இழுத்தாலும் வரவில்லை. மேலே மிச்சமிருந்த மண் எந்த நேரமும் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவரோடு பத்துப் பேர் தோண்டினார்கள், சபைக்காரர்களும் லயத்துக்காரர்களும். மூன்றரை மணிக்கு நல்லம்மாவை எடுத்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்த வாக்கில் இருந்தாள்.

பிரேதப் பரிசோதனை பதுளை ஆஸ்பத்திரியில் நடந்தது. சனிக்கிழமை அடக்கம். முருகையாவின் சொந்தக்காரர்கள் தப்படித்து, தங்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள். பாஸ்டர் கூட்டத்தின் கடைசியில் நின்றார். ஜெபம் செய்ய அவர் முன்வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

பிரதேச செயலகத்தில் விசாரணை வைத்தார்கள். தயானி தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டுபோய் அதிகாரி மேசையில் வைத்தாள். ஏழாவது வரியைக் காட்டினாள், கீழே இருக்கிற இரண்டாவது கையெழுத்து தன்னுடையது என்றாள். வேலை நடக்கவில்லை என்று தெரிந்துதான் போட்டீர்களா என்று அதிகாரி கேட்டார். தெரிந்துதான் என்றாள். பாஸ்டர் எழுந்து நின்றார். கைகளில் இன்னும் துணிக்கட்டு இருந்தது.

“அவங்க மாட்டேன்னுதான் சொன்னாங்க சார். என் புள்ளைகளைச் சொல்லிப் போடவெச்சது நான்தான்.”

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் என்றார்கள். இன்னும் நாள் குறிக்கவில்லை. அறக்கட்டளை சபையோடு இருந்த தொடர்பை முடித்துக்கொண்டது; தன் படிவத்தையும் மாற்றியது. இனி ஒவ்வொரு வரிக்கும் புகைப்படம் வைக்க வேண்டுமாம். ஷெல்டன் தன் சொந்தப் பணத்தில் முருகையாவுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். முருகையா அதை வாங்கவில்லை. பாஸ்டர் குடும்பத்தோடு பதுளைக்குப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் கூலிக்குப் போன் பழுது பார்ப்பதாகக் கேள்வி.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் முருகையா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். லயத்துக்காரர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் தகரக் கொட்டில்களில் வைத்திருந்தார்கள், அங்கேயிருந்து வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். தயானி தேநீர் கொடுத்தாள். குடித்து முடித்தார்.

“ஒண்ணு கேக்கணும் புள்ள. மறைக்காமச் சொல்லு. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டப்ப, கீழ நாங்க இருக்கோம்னு ஞாபகம் வந்திச்சா?”

வந்தது என்று சொல்லலாம். வந்தும் போட்டேன் என்றால் அது வேறு ஒரு பாவம். ஆனால் அவர்களை ஒரு கணமாவது நினைத்ததாக இருக்கும்.

“வரலை மாமா. பாஸ்டர் புள்ளைகளை நினைச்சேன். உங்க யாரையும் நினைக்கலை.”

அவர் தலையசைத்தார். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. வழியில் கண்டால் நின்று, அவள் கடந்து போகும்வரை ஓரமாக ஒதுங்கிக்கொள்வார்.

தயானி இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். மண்டபத்தின் பின்பாதி இப்போதும் மேலே நிற்கிறது. அதை யார் உடைப்பது என்று தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன. அதற்கு இடது பக்கத்துச் சரிவில் நாலாம் நம்பர் லயம் இருக்கிறது, எட்டுக் காம்பரா. போன வாரம் அதில் இரண்டாம் காம்பராவிலிருந்து தன் குழந்தையை விட வந்த ஒருத்தி, வீட்டுக் கதவு சரியாக மூடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். தயானி குழந்தையை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் அவளோடு நடந்தாள்.